தானாய் விழுந்தது மட்டும்

தக்காளியக்காவுக்கு நல்லது நடந்தால்தான் பயம் வரும். கெட்டது நடக்கும்போது அவளைப் போலத் தெம்பான ஆளைப் பார்க்க முடியாது. ஒரு வருடம் விளைந்த தக்காளியெல்லாம் வாங்க ஆளில்லாமல் அழுகித் தெருவே நாறியபோது, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினாள். புயலில் செடிகளுக்குப் போட்டிருந்த வலைக்கூடாரத்தின் கூரை பறந்தபோது, அது யார் வீட்டு வாசலில் போய் விழுந்ததோ அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் ஒரு காரியம் கூடிவருகிறது என்று தெரிந்துவிட்டால் போதும், தூக்கம் போய்விடும். எந்த மூலையிலிருந்து இடி வரும் என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். அன்று காலையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அன்று காரியம் கூடிவந்திருந்தது.

காரியம் என்றால் சொடக்குத் தக்காளி.

அதைப் பயிர் என்று சொன்னால் அங்கே சிரிப்பார்கள். வேலியோரம், குப்பைமேடு, சாக்கடைக் கரை என்று கேட்பாரில்லாமல் முளைக்கிற செடி அது. காகிதத்தில் செய்தது போல ஒரு கூடு, அதற்குள் கோலிக்குண்டு அளவில் ஒரு பழம். பிள்ளைகள் கூட்டை நெற்றியில் அடித்து ‘டப்’ என்று உடைத்துவிட்டு உள்ளே இருப்பதைத் தூர எறிவார்கள். தக்காளியக்காவும் தக்காளிப் பாத்திகளுக்கு நடுவே பல வருடம் அதைக் களை என்று பிடுங்கிப் போட்டவள்தான். ஒருநாள் பிடுங்கிப் போட்ட குவியலில் ஒரு கூடு கிழிந்து மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்த்தது. கை சும்மா இருக்கவில்லை, எடுத்து வாயில் போட்டாள். முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் பெயர் சொல்லத் தெரியாத ஒரு வாசனை. "இத்தனை வருஷமா இதையா பிடுங்கிப் போட்டேன்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டு, மறுபடி குவியலைக் கிளறினாள்.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். இதற்குத் தண்ணீர் கொஞ்சம் போதும். கூட்டோடு வைத்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே வாரக்கணக்கில் கெடாது. தக்காளி மாதிரி வண்டியில் நசுங்கி வழியாது. இவ்வளவு குணமுள்ள ஒன்றை ஏன் ஒருத்தரும் சீண்டவில்லை என்று கேட்டால், சீண்டவில்லை, அவ்வளவுதான். மனிதர்களிலேயே அப்படி எத்தனை பேர் இல்லையா? ஒவ்வொரு பருவத்திலும் பெரிய பழமாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தாள். கோலிக்குண்டு அளவு இருந்தது மெல்ல மெல்ல நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. அவள் கணவர் வெல்டர். ஊரே அவரை வெல்டர் என்றுதான் கூப்பிடும், அவருடைய மாமியார் உட்பட. செடிகள் படர அவர் கம்பிச் சட்டங்கள் அடித்துக் கொடுத்தார். "தக்காளியக்காவுக்கு மறை கழண்டுபோச்சு, வெல்டர் வெல்டு வெச்சும் ஒட்டல" என்று சிரித்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

பிறகு வந்தார் பேக்கரிக்காரர். கடைத்தெருவில் புதுக் கடை திறக்கப் போகிற, இன்னும் முப்பது தாண்டாத, எப்போதும் எதையாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிற ஆள். கூட்டை இதழ் இதழாகப் பிரித்து மேலே மடக்கி, நடுவில் மஞ்சள் பழத்தோடு கேக்கின் உச்சியில் உட்கார வைத்துப் பார்த்தார். பூ மாதிரி இருந்தது. "அக்கா, இதை இனிமே நான்தான் எடுப்பேன், வேற யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். திறப்பு நாளன்று வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு காகிதக் கோப்பை நிறைய இலவசமாகக் கொடுப்பதாக ஏற்பாடு. "புதுப் பழம்க்கா. குழந்தைங்களுக்குப் பிடிச்சுட்டா ஊருக்கே பிடிச்ச மாதிரி. பிடிக்கலைன்னா..." என்று நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் நிறுத்திய இடத்தைத் தக்காளியக்கா அன்றிலிருந்து தினமும் மனசுக்குள் முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பழத்தில் ஒரு சங்கடம் உண்டு. பச்சையாக இருக்கும்போது தின்றால் கசக்கும், நாலைந்து உள்ளே போனால் வயிற்றைப் பிசையும், வாந்தி வரும். வெளியே பார்த்து மட்டும் பழுத்ததா என்று சொல்ல முடியாது. வெயில் கடுமையாக அடித்தால் உள்ளே காய் பச்சையாக இருக்கும்போதே கூடு முந்திக்கொண்டு காய்ந்துவிடும். நிச்சயமாகத் தெரிந்தது செடிக்கு மட்டும்தான். பழுத்ததும் அதுவே காம்பைக் கைவிட்டுக் கீழே போட்டுவிடும். அதனால் தக்காளியக்கா செடிகளின் அடியில் பழைய படுக்கை விரிப்புகளைப் பரப்பி வைத்திருந்தாள். செடியில் இருப்பதில் யாரும் கைவைக்கக் கூடாது. தானாய் விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும். கூடாரத்துக்குள் வருகிற யாருக்கும் முதலில் சொல்லப்படுவது இதுதான்.

திறப்பு விழாவுக்கு முந்தைய சாயங்காலம் தட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது ரெண்டு தட்டு குறைந்தது. அவ்வளவுதானே, குறைந்ததோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் தக்காளியக்காவுக்கு அப்போதே தலையில் இடி இறங்கிவிட்டது. "முதல் தடவையே சொன்ன சொல்லு போச்சு, மானம் போச்சு" என்று கூடாரத்துக்கும் வீட்டுக்கும் நடந்தாள். நடந்தவள் சும்மா நடக்கவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த நாத்தனாரின் காதில் விழுகிற மாதிரி, "கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவங்க நாலு நாள் முன்னாடியே வந்து பொறுக்கியிருந்தா இப்படி ஆகுமா?" என்றும் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் வெல்டரின் தங்கை. கல்யாணமாகிப் போன இடத்தில் ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். அப்படிப்பட்டவளைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும், அந்த வாய் தக்காளியக்காவுக்கு இருந்தது. சொன்ன மறுநிமிஷமே அவள் அதை மறந்தும் போனாள். சொல்கிறவர்கள்தான் மறப்பார்கள்.

விடிந்து பார்த்தால் எல்லாத் தட்டும் நிறைந்திருந்தது.

"எப்படி?" என்றாள் தக்காளியக்கா.

"விடியக்காலைல போய்ப் பாத்தேன் அண்ணி. நிறைய விழுந்து கிடந்துது" என்றாள் நாத்தனார். முகமெல்லாம் மலர்ச்சி. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வெல்டர் தட்டுகளை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பினார். பேக்கரிக்காரர் வாயெல்லாம் பல்லாக வாங்கி வைத்துக்கொண்டாராம். தக்காளியக்கா கூடாரத்துக் கதவோரம் நின்று எந்த மூலையிலிருந்து இடி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான். காலுக்குக் கீழே, தட்டு மாற்றும்போது சிந்தியதோ என்னவோ, ஒரு கூடு கிடந்தது. நல்ல காய்ந்த கூடு. குனிந்து எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே பச்சை. கல் மாதிரி இறுகிய பச்சை.

பக்கத்தில் இன்னொன்று கிடந்தது. அதுவும் பச்சை. மூன்றாவது மஞ்சள். போன உயிர் அரைவாசி வந்தது. நாலாவது மறுபடி பச்சை.

"இந்தாம்மா, இங்க வா!" என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் நாத்தனார் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"செடியில கை வெச்சியா?"

"இல்ல அண்ணி! சத்தியமா ஒண்ணுகூடப் பறிக்கல. கீழ விழுந்ததை மட்டும்தான் பொறுக்கினேன்."

"எப்படி விழுந்துது?"

நாத்தனார் ஒரு கணம் விழித்தாள். "கொஞ்சமாத்தான் விழுந்து கிடந்துது. அதான், சட்டத்தைப் பிடிச்சு லேசா ஆட்டினேன். கையால தொடவே இல்ல. நீங்க சொன்ன மாதிரி, விழுந்ததைத்தான்..."

அண்ணியின் முகத்தைப் பார்த்தே அவளுக்கு என்ன நடந்திருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். தக்காளியக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. திட்டுவதற்காவது வாய் வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. எந்தத் தட்டில் எது கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி காய்ந்த கூடு. எல்லாம் இந்நேரம் காகிதக் கோப்பைகளில் விழுந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் கையில்.

பேக்கரிக்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ரிப்பன் வெட்டுகிற அன்று யார் போன் எடுப்பார்கள்?

"வண்டியை எடுங்க" என்றாள் கணவரிடம். ஏறப் போனவள் திரும்பி ஓடி, உள் அறையில் பரண்மேல் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது விதைக் கூடை. இந்தப் பருவத்தில் விழுந்ததிலேயே பெரியதாகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கூட்டைப் பிரித்துச் சோதித்து, அடுத்த நடவுக்கு விதை எடுக்க வைத்திருந்த பழங்கள். எதற்கு எடுக்கிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. நல்லதாகத் தெரிந்த பழம் கையில் கொஞ்சமாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

வேன் போய்க்கொண்டே இருந்தது, கடைத்தெரு வந்தபாடில்லை. வெல்டர் எதற்கும் பதறாத மனிதர். நெருப்போடு வேலை செய்கிறவர்களுக்கு வாய்க்கிற நிதானம். அந்த நிதானத்தோடு ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஏற்றி இறக்கினார்.

"போய் என்ன சொல்லப் போற?"

"தெரியல. விஷம்னு ஒரு வார்த்தை சொன்னேன்னா அவ்வளவுதான். பத்து வருஷம் ஆனாலும் இதை ஒருத்தனும் வாயில வெக்க மாட்டான். களையோட களையாப் போயிடும்."

"அப்ப சொல்லாத."

"ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அப்ப சொல்லிடு."

"நீங்க ஒரு வார்த்தையும் பேசாம ஓட்டுங்க."

அவர் பேசாமல் ஓட்டினார். அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள், மிச்சம் இருப்பதைத் தொட வேண்டாம் என்று சொல்ல. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. "அழுதுட்டிருக்காளோ என்னவோ. என்னை இறக்கிவிட்டுட்டு நீங்க நேரா வீட்டுக்குப் போங்க" என்றாள். ஒரு கவலை இருக்கிற இடத்தில் இன்னொன்று வந்து உட்கார இடம் எப்படிக் கிடைக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் கிடைக்கிறது.

புதுக் கடை வாசலில் பலூன் தோரணம். உள்ளே புது பெயின்ட்டும் வெண்ணெயும் கலந்த வாசனை. பெரியவர்கள் கண்ணாடி அலமாரிகளுக்கு முன்னால் நின்று கேக்கைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கையில் காகிதக் கோப்பைகள். அப்போதுதான் கொடுத்து முடித்திருக்கிறார்கள்; பாதிப் பேர் இன்னும் கூட்டை நெற்றியில் அடித்து உடைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த ‘டப் டப்’ ஒவ்வொன்றும் தக்காளியக்காவின் நெஞ்சில் விழுந்தது.

தொண்டை வரைக்கும் வந்தது, ‘யாரும் தின்னாதீங்க’ என்ற வார்த்தை. அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குக் கண்முன் தெரிந்தது. தாய்மார்கள் கத்துவார்கள், கோப்பைகள் பறக்கும், நாளைக்கு ஊரெல்லாம் அதே பேச்சு. வாய் திறந்தது. ஆனால் அதிலிருந்து வந்தது வேறு.

"பிள்ளைங்களா, இங்க பாருங்க! ஒரு போட்டி!"

பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றுவிட்டாள். அந்த உடம்பை அந்த நாற்காலி தாங்கியதே பெரிய விஷயம்.

"எல்லாக் கூட்டையும் பிரிங்க. உள்ள பச்சையா இருந்தா வாயில வெக்கக் கூடாது. எங்கிட்ட கொண்டாந்து குடுத்தா, ஒரு பச்சைக்கு ரெண்டு மஞ்சள்! பெரிய மஞ்சள்! யாரு நிறைய பச்சை பிடிக்கறாங்கன்னு பாக்கலாம்!"

பிள்ளைகளுக்கு இது போதாதா? அடுத்த நிமிஷம் கூடுகள் பிரிகிற சரசரப்புதான் கேட்டது. "எனக்கு ஒரு பச்சை!" "எனக்கு மூணு!" என்று வரிசை கட்டிக்கொண்டு வந்தார்கள். தக்காளியக்கா ஒவ்வொரு பச்சையாக வாங்கிப் பைக்குள் போட்டு, விதைக் கூடையிலிருந்து ரெண்டு ரெண்டாக எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வருடத்துச் செடிகள் பிள்ளைகள் வாயில் போய்க்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பச்சைகள் வந்து சேரச் சேர அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

பேக்கரிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், முகம் பூரித்திருந்தது. "என்னக்கா, இப்படி ஒரு ஐடியா வெச்சிருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே! பாருங்க, எப்படி மொய்க்குதுங்க!" என்றார். தக்காளியக்கா தலையை ஆட்டினாள். தப்பித்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பழமும் பிழைத்தது.

அப்போது முன்பல் ரெண்டும் விழுந்த ஒரு குட்டிப்பெண் காலிக் கோப்பையோடு வந்து நின்றது.

"எனக்கு நாலு குடுங்க."

"பச்சை எங்கம்மா?"

"எனக்கு ரெண்டு பச்சை வந்துது. நான் தின்னுட்டேன். கசந்துது. இருந்தாலும் தின்னுட்டேன்." கணக்கில் கெட்டி. "ரெண்டு பச்சைக்கு நாலு மஞ்சள்தானே?"

தக்காளியக்கா நாற்காலியிலிருந்து இறங்கினாள். பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே, "குடுங்கக்கா, குடுங்க" என்றார். குடுத்து அனுப்பிவிடலாம். ரெண்டே ரெண்டுதான். ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால், ஏதாவது ஆகிவிட்டால்? சாயங்காலம் அந்தக் குழந்தை எங்கேயோ ஒரு வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும், அம்மாவுக்கு எதனால் என்று தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நாலு மஞ்சளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

"உங்கம்மா எங்க?"

அம்மா பேருந்துக் கண்டக்டர். அடுத்த டிரிப்புக்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எட்டிப் பார்க்க வந்தவள். காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை. தக்காளியக்கா அவளிடம் போய், பேக்கரிக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே, ஒரே மூச்சில் சொன்னாள். பழம் தன்னுடையது என்று சொன்னாள். பச்சை கலந்துவிட்டது, போட்டி என்றது பொய், குழந்தை ரெண்டு தின்றிருக்கிறது, வயிறு வலிக்கலாம் என்றாள். "என் தப்புதாம்மா. பக்கத்துலயே கிளினிக் இருக்கு, இப்பவே போயிடலாம், நானும் வரேன்."

கண்டக்டர் டிக்கெட் பையை ஏற்றிப் போட்டுக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பேக்கரிக்காரரின் முகம் சுண்டிப்போயிருந்தது. "என் கடை திறக்கற அன்னிக்கா அக்கா?" என்று மட்டும் கேட்டார், குரலை உயர்த்தாமல். கத்தியிருந்தால் தேவலை என்று தக்காளியக்காவுக்கு இருந்தது. கண்டக்டரின் பின்னாலேயே போனாள்.

கிளினிக் நாலைந்து கடை தள்ளி, மாடிப்படிக்குப் பக்கத்தில். டாக்டரம்மா குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பையிலிருந்து ஒரு பச்சையை எடுத்துக் காட்டச் சொல்லி உருட்டிப் பார்த்தார். "ரெண்டுக்கெல்லாம் பெரிசா ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறேன். எதுக்கும் கொஞ்ச நேரம் இங்கயே இருங்க. தண்ணி குடுங்க. வாந்தி வந்தா உடனே கூப்பிடுங்க" என்றார்.

வெளியே இருந்த பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். குழந்தை நடுவில், காலை ஆட்டிக்கொண்டு. ஒவ்வொரு தடவை அது கொட்டாவி விடும்போதும் தக்காளியக்கா திரும்பிப் பார்த்தாள். குழந்தை ஒரு தடவை வயிற்றில் கை வைத்தது. ரெண்டு பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிறதாம்.

"என் டிரிப்பு போச்சு" என்றாள் கண்டக்டர், நேராகப் பார்த்தபடி. கொஞ்சம் கழித்து, "சொல்லாம இருந்திருந்தா போயிருப்பேன். ராத்திரி வரைக்கும் வண்டியில இருந்திருப்பேன்" என்றாள். அது திட்டா நன்றியா என்று தக்காளியக்காவுக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் போன் வந்தது. வெல்டர். எதற்கும் பதறாத மனிதரின் குரல் உடைந்திருந்தது.

"இவ சுருண்டு கிடக்காடி. வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கா. பக்கத்துல ஒரே உரிச்ச கூடும் பச்சைக் காயுமாக் கிடக்கு. தின்னிருக்கா. எவ்வளவுன்னு கேட்டா ஒரு கைப்பிடிங்கறா. வண்டியில போட்டுட்டேன், எங்க கொண்டு வரட்டும்?"

தக்காளியக்கா இடத்தைச் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று பிறகு யோசித்தால் ஞாபகம் வரவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து படிக்கட்டில் நின்றாள். வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையும் மனசில் வந்தது. இந்தத் தடவை அவர் வேகமாகத்தான் வருவார், ஆனாலும் போதாது.

வேன் வந்து நின்றதும் நாத்தனாரை ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறக்கினார்கள். ஒரு பக்கம் வெல்டர். இன்னொரு பக்கம் தாங்கியது கண்டக்டர் என்பதைத் தக்காளியக்கா அப்புறம்தான் கவனித்தாள். நாத்தனாரின் முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. அந்த நிலையிலும் அவள் முதலில் கேட்டது, "குழந்தைங்களுக்கு?" என்றுதான்.

"ஒண்ணும் இல்ல. நீ பேசாத."

"ஒண்ணு ரெண்டுன்னா ஒண்ணும் செய்யாது அண்ணி. கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு பாத்தேன். ஒரு கைப்பிடி ஆனப்பறம்தான் ஆரம்பிச்சுது. அதை உங்களுக்குச் சொல்லணும்னு போனைத் தேடினேன்... எழுந்திரிக்க முடியல."

டாக்டரம்மா வந்து எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

தக்காளியக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். எந்த மூலையிலிருந்து இடி வரும் என்று காலையிலிருந்து எத்தனை மூலையைப் பார்த்தாள். சமையலறை மூலையை மட்டும் பார்க்கவில்லை. ‘கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவங்க’ என்று சொன்னது இப்போது முழுசாக ஞாபகம் வந்தது, குரலோடு. அழுகை வந்தது, அழுதாள். கண்டக்டர் டிக்கெட் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"யாரு அது, தங்கச்சியா?"

"நாத்தனார்."

"குழந்தைங்களுக்கு என்ன ஆகும்னு பாக்கறதுக்கா தின்னா?" கண்டக்டர் தலையை ஆட்டிக்கொண்டாள். "பைத்தியக்காரி" என்றாள். ஆனால் அதைச் சொன்ன விதத்தில் பைத்தியக்காரிக்கு ஒரு மரியாதை இருந்தது.

பொழுது சாயத் தொடங்கியபோது டாக்டரம்மா குட்டிப்பெண்ணை மறுபடி அழுத்திப் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். அதற்குள் அது ரெண்டு பிஸ்கட் பாக்கெட் காலி செய்திருந்தது. போகும்போது தக்காளியக்காவின் கையைப் பிடித்து இழுத்தது. "என் நாலு?" கூடையின் அடியில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. தக்காளியக்கா ஒவ்வொன்றாகக் கூட்டைப் பிரித்து, மஞ்சள்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்டக்டர் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு குழந்தையிடம், "ம், தின்னு" என்றாள்.

கடையைப் பூட்டிவிட்டு வந்த பேக்கரிக்காரர் படிக்கட்டில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே யார் படுத்திருக்கிறார்கள், எதனால் என்று வெல்டர் சொல்லியிருக்க வேண்டும். தக்காளியக்காவிடம் வந்தார். "நாளைக்குப் பேசிக்கலாம்க்கா" என்றார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே அவள் விடிய விடியப் புரண்டிருப்பாள். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாத்தனார் கட்டிலில் கண் திறந்திருந்தாள். கையில் ஊசி, மேலே டிரிப்ஸ் பாட்டில். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படு."

"ரெண்டு தட்டு நிறையட்டும்னுதான் அண்ணி..."

"நிறையலைன்னா நிறையலை. நான்தான் உன்னை விரட்டினேன். நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது." காலையிலிருந்து திட்டுவதற்காகத் தேடிய வாய் இப்போது இதைத்தான் சொன்னது. "வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஒரு வேலையும் செய்யாத. சும்மா உக்காரு. உன்னை யாரும் எங்கயும் அனுப்பப் போறதில்ல. அது உன் வீடு."

நாத்தனாரின் கண்ணோரம் கண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது. பிறகு சொன்னாள்:

"சும்மா உக்கார எனக்குப் பயமா இருக்கு அண்ணி."

தக்காளியக்கா அவளைப் பார்த்தாள். இத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு பயந்தாங்கொள்ளிகள் இருந்திருக்கிறார்கள், ஒருத்திக்கு இன்னொருத்தியைத் தெரியாமல்.

"எனக்கும்தான்" என்றாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது, இவ்வளவு மெதுவாக இறங்கினால் எப்போது முடிந்து எப்போது வீட்டுக்குப் போவது? கை தானாகக் குழாயில் இருந்த, வேகத்தைக் கூட்டுகிற சின்னச் சக்கரத்துக்குப் போனது.

"அம்மா, அதைத் தொடாதீங்க!" என்று வாசலிலிருந்து நர்ஸ் அதட்டினாள். "அதுவா இறங்கும்."

தக்காளியக்கா சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டாள். கட்டிலில் ஏதோ சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், வாந்தியில் வறண்டுபோன தொண்டையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் சிரித்ததற்கு அப்புறம் இது ரெண்டாவது தடவை. தக்காளியக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு, பாட்டில் காலியாகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.